ஆயர் மாத்தி: மீன்காரர் சொல்வது உண்மையா, சாக்கா?

புக்கிட் ரோத்தானுக்கு மாற்றலாகி வந்து நான்கு மாதம் ஆகிறது என்றும், கடல் இத்தனை கிட்டத்தில் இருந்தும் ஒரு வாரம் சந்தையில் மீன் குவிந்து கிடக்க, அடுத்த வாரமே ஐஸில் கிடந்து வெளுத்த கெம்போங் (கானாங்கெளுத்தி) தவிர வேறொன்றும் இல்லாமல் போகிறது என்றும், காரணம் கேட்டால் மீன்காரர் மலாயில் 'ஆயர் மாத்தி' என்று இரண்டே சொல்லில் முடித்துவிடுகிறார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். 'நீர் செத்துவிட்டது' என்றால் என்ன பொருள், அது உண்மையா, விலையை ஏற்றச் சொல்லும் சாக்கா என்பது உங்கள் கேள்வி. இதற்குள் இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. நம் சந்தைக்கு வரும் மீனை நிலவு கட்டுப்படுத்துகிறதா என்பது ஒன்று. கடலையே பார்க்காமல் வீட்டிலிருந்து சமைக்கும் ஒருவர் அதை எப்படிச் சரிபார்ப்பது என்பது மற்றொன்று. முதலாவதற்கு என் பதில், ஆம், ஆனால் எல்லா மீனுக்கும் அல்ல. இரண்டாவதற்கான விடை உங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தமிழ் நாட்காட்டியிலேயே இருக்கிறது.

நான் படித்துப் பட்டம் பெற்றவன் அல்லன். 24 ஆண்டுகள் பாசிர் பெனாம்பாங் படகுத்துறையில் மீன் எடுத்து, முதலில் மோட்டாரின் பின்னால் மரப்பெட்டி கட்டித் தோட்டத்து லயங்களில் விற்றேன். பிறகு சந்தையில் ஒரு மேசை பிடித்து அமர்ந்தேன். ஆகவே நான் உறுதியாகச் சொல்வதெல்லாம் சிலாங்கூரில் ஜெராமிலிருந்து தஞ்சோங் காராங் வரையுள்ள சேற்றுக் கரைக்குப் பொருந்துவது. கிழக்குக் கரையின் கணக்கு வேறு. அங்கே நீர் ஏறி இறங்கும் முறையும் வேறு, நவம்பரிலிருந்து அடிக்கும் பருவக்காற்றும் வேறு.

நீரைப் பற்றி எனக்குக் கற்றுக்கொடுத்தவர் மீனவர் அல்லர், என் அப்பா. கடலோரத் தோட்டம் ஒன்றில் அவருக்கு மதகுக் காவல் வேலை. தோட்டத்தில் எல்லாரும் அதை 'வாட்டர் கேட்' என்றுதான் சொல்வார்கள். நம் பக்கத்துக் கடலோரத் தோட்டங்கள் பலவற்றின் நிலமட்டம் பெரிய நீர் ஏறும்போது கடல் எட்டும் மட்டத்தைவிடத் தாழ்ந்தது. அதனால் கரையோரம் நெடுக மண் பண்டு (தடுப்புக் கரை) கட்டி, உள்ளே செம்பனைக்கும் தென்னைக்கும் நடுவே கால்வாய் வெட்டி, கால்வாய் கடலைச் சேரும் இடத்தில் மதகு வைத்திருப்பார்கள். கடல் ஏறும்போது மதகு மூடியிருக்க வேண்டும். வற்றும்போது திறந்து, தோட்டத்தில் தேங்கிய மழைநீரை வெளியே விட வேண்டும். அரை மணி நேரம் தவறினாலும் உப்புநீர் உள்ளே புகுந்து மரங்களின் காலடியில் நிற்கும். அப்பா ஒவ்வொரு நாளும் காலையில் சுவரிலிருந்த தேதித்தாளைக் கிழித்து, அதிலுள்ள திதியைப் பார்த்து, தாளின் பின்பக்கத்தில் மதகு திறக்கும் நேரத்தைப் பென்சிலால் எழுதிச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொள்வார். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நள்ளிரவில் டார்ச் லைட்டோடு பண்டின் மேல் நடந்து போய், இரண்டு கைகளாலும் இரும்புப் பிடியைச் சுற்றுவார். பல் சக்கரம் கடகடவென்று சத்தமிட, பலகை மேலேற, தேங்கிய கறுப்புத் தண்ணீர் சேற்றை அரித்துக்கொண்டு கடலை நோக்கிப் பாயும். அட்டமி, நவமி நாட்களில் அதே மதகில் தண்ணீர் மெல்ல நகருமே தவிரப் பாயாது. 'இன்னைக்குத் தண்ணிக்கு உயிரில்ல' என்பார். ஆயர் மாத்தி என்பதற்கு இதைவிட நல்ல விளக்கத்தை நான் கேட்டதில்லை.

இனி உறுதியான செய்திகளைச் சொல்கிறேன். மலாக்கா நீரிணையில் கடல் நாளுக்கு இரண்டு முறை ஏறி, இரண்டு முறை வற்றுகிறது. ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த ஏற்றத்திற்கும் இடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம். ஆகவே இன்று காலை 6 மணிக்கு ஏறிய நீர் நாளை காலை 7 மணிக்குச் சற்று முன்னதாக ஏறும், அதாவது நாளுக்குச் சுமார் 50 நிமிடம் பின்தங்கும். அமாவாசையிலும் பௌர்ணமியிலும் சூரியனும் நிலவும் பூமியும் ஏறக்குறைய ஒரே கோட்டில் நிற்பதால், சூரியனின் இழுப்பும் நிலவின் இழுப்பும் ஒன்று சேர்ந்து கடல் மிக உயரமாக ஏறி, மிகத் தாழ்வாக வற்றுகிறது. அரைநிலவு நாட்களில் இரண்டும் குறுக்காக நிற்பதால் ஒன்றன் இழுப்பை மற்றொன்று குறைத்துவிடுகிறது. கிள்ளான் துறைமுகத்தில் பெரிய நீர் நாட்களில் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையே 4 மீட்டருக்கு மேல் வேறுபாடு இருக்கும். ஆயர் மாத்தியில் அது 2 மீட்டருக்கும் குறைவு. அதே ஆறு மணி நேரத்தில் பாதித் தண்ணீர்தான் நகர்கிறது என்றால், நீரோட்டத்தின் வேகமும் அந்த அளவுக்குத் தளர்ந்துவிடும் அல்லவா?

பலர் தவறவிடும் ஒரு நுட்பம் இதில் உண்டு. கடல் நிலவைச் சற்றுத் தாமதித்தே பின்தொடர்கிறது. மிகப் பெரிய நீர் அமாவாசை அன்றோ பௌர்ணமி அன்றோ வருவதில்லை. அதற்கு ஓரிரு நாள் கழித்து, துவிதியை, திருதியையில் வரும். அதுபோல அரைநிலவு அட்டமியில் விழுந்தாலும், நீர் மிகவும் தளர்வது நவமி, தசமி, ஏகாதசியில்தான். நீங்கள் பேசும் 'மீன் இல்லாத வாரம்' இதுவே. உங்கள் நாட்காட்டியில் நவமி முதல் ஏகாதசி வரையுள்ள நாட்களை ஒரு மாதத்திற்குக் கோடிட்டு வையுங்கள். வளர்பிறையில் ஒன்று, தேய்பிறையில் ஒன்று என்று இரண்டு கொத்து கிடைக்கும். துறையிலிருந்த சீனத் தவுக்கேமார்கள் (மீன் முதலாளிகள்) இதையே தங்கள் காலண்டரில் முதல் நாளான 'சே இட்', பதினைந்தாம் நாளான 'சாப் கோ' என்று எண்ணினார்கள். மலாய்க்காரப் படகோட்டிகள் பிறை கண்ட நாளிலிருந்து எண்ணினார்கள். மூவரும் வேறு வேறு மொழியில் ஒரே நிலவை எண்ணியதால், பேரம் பேசும்போது எங்களுக்குள் ஒருநாளும் கணக்குத் தப்பியதில்லை. மணி, நிமிடம் வரை துல்லியமாக வேண்டுமென்றால் நில அளவைத் துறையும் கடற்படையின் நீர்வரைவியல் மையமும் ஆண்டுதோறும் நீர் ஏற்ற வற்ற அட்டவணை வெளியிடுகின்றன. சமையலுக்குத் திதியே போதும்.

நீரோட்டம் தளர்ந்தால் மீன் ஏன் குறைகிறது என்பதற்கு நம் கரையின் தன்மையைப் பார்க்க வேண்டும். இங்கே பாறையும் இல்லை, தெளிந்த மணலும் இல்லை. அலையாத்தி மரங்களுக்கு அப்பால் கண்ணுக்கெட்டிய தூரம் சேறு. பெரிய நீர் வரும்போது இந்தச் சேறு கலங்கி, இரை மேலெழும்ப, இறாலும் மடவையும் கத்தாளையும் அதைத் தேடிக் கரையை நோக்கி வருகின்றன. நீர் வற்றும்போது அதனோடு சேர்ந்து வெளியே இழுக்கப்படுகின்றன. சிறு படகுக்காரர்களின் வலைகள் இந்த ஓட்டத்தை நம்பியவை. கழிமுகத்தில் கம்பங்களுக்கு இடையே வாயைத் திறந்துவைத்துக் கட்டும் பைவலையை இங்கே 'பொம்பாங்' என்பார்கள். அதற்கு மோட்டாரும் இல்லை, விரட்டும் ஆளும் இல்லை. தண்ணீர்தான் இறாலையும் சிறு மீனையும் அதற்குள் தள்ளுகிறது. ஓட்டம் செத்தால் அந்த வலை வெறுமனே தொங்கும். பெலாச்சான் என்னும் இறால் விழுதுக்கு அரைக்கும் கூனி இறாலும் பெருமளவு இந்த ஓட்டத்தோடு வருவதுதான். மிதவை வலை போடுகிறவர்களுக்கு வேறொரு சிக்கல்: ஆயர் மாத்தியில் தண்ணீர் தெளிந்துவிடும், காலாவும் வவ்வாலும் வலையைக் கண்டு விலகிவிடும். ஆக, நாளும் உங்கள் சந்தைக்கு வரவேண்டிய கரைமீன்களான இறால், காலா, மடவை, கத்தாளை ஆகியவற்றைப் பொறுத்தவரை மீன்காரர் சொல்வது உண்மை. அந்த நாட்களில் நான் பாசிர் பெனாம்பாங் சென்று பாதிப் பெட்டியோடு திரும்பியிருக்கிறேன். சில நாட்களில் பெட்ரோல் காசுகூடத் தேறாது.

ஆனால் எல்லா மீனுக்கும் அல்ல என்று சொன்னேனே, அதைக் கவனியுங்கள். கெம்போங், செலார் போன்றவற்றில் பெரும்பகுதி தொலைவில் சுருக்கு வலை போடும் பெரிய படகுகளிலிருந்து வருகிறது. விளக்கு வைத்து மீனைக் கூட்டி வளைக்கும் படகுகளுக்கு இருட்டுதான் வேண்டும். முழுநிலவு வானில் இருக்கும்போது அவற்றின் விளக்குக்கு மீன் கூடுவது குறையும். ஆகவே கெம்போங் அருகுவதற்கு நிலவு காரணமென்றால் அது பௌர்ணமியை ஒட்டி இருக்க வேண்டும், ஆயர் மாத்தியில் அல்ல. விளக்குக்கு வரும் சோத்தோங்கும் (கணவாய்) அப்படித்தான். இழுவைப் படகுகள் எல்லா நாளும் போகும். தாய்லாந்திலிருந்தும் இந்தோனேசியாவிலிருந்தும் ஐஸில் வரும் மீனுக்கு நம் கழிமுகத்து நீர் ஏறினால் என்ன, இறங்கினால் என்ன? இதற்கு நேர்மாறாகத் தூண்டில்காரர்களுக்கு ஆயர் மாத்தியே நல்ல காலம். ஓட்டம் தளர்ந்தால்தான் ஆழத்தில் ஈயக்குண்டு நின்ற இடத்தில் நிற்கும். களவாவும் ஜெனாஹாக்கும் அப்போது நன்றாகக் கிடைக்கும். எனவே கெம்போங் விலையை உயர்த்திவிட்டு ஆயர் மாத்தி என்று ஒருவர் சொன்னால், அவர் அரை உண்மை பேசுகிறார். நானும் தொழிலின் தொடக்க ஆண்டுகளில் அதைச் செய்திருக்கிறேன். தவுக்கே எனக்கு விலை ஏற்றியதற்குக் காரணம் தெரியாதபோது, கேட்ட அக்காமாரிடம் அந்தச் சொல்லையே திருப்பிச் சொன்னேன். அது தவறு என்று பின்னால் உணர்ந்தேன். மதகுக்காரர் மகன் அப்படிச் சொன்னது இன்றும் மனத்தை உறுத்துகிறது.

விலைக்கு வருவோம், ஏனென்றால் அதில் நிலவின் பங்கு பாதிதான். மீதிப் பாதி நம் வீடுகளில் இருக்கிறது. நம் மக்களில் பலர் வெள்ளிக்கிழமையும் அமாவாசையும் மீன் சமைப்பதில்லை. புரட்டாசியில் மாதம் முழுவதும் விரதம் இருக்கும் வீடுகள் உண்டு. தைப்பூசத்திற்கு முந்திய வாரங்களில் காவடி எடுக்கும் குடும்பங்கள் மீன் பக்கமே வராது. ஆக, அமாவாசையை ஒட்டிக் கரைமீன் வரத்துப் பெருகத் தொடங்கும் அதே நேரத்தில் தமிழ் வீடுகள் கையை மடக்கிக்கொள்கின்றன. நான் லயத்தில் விற்ற காலத்தில் அமாவாசைக்கு மறுநாளும் அதற்கடுத்த நாளும்தான் மீன் நல்லதாகவும் மலிவாகவும் இருந்தன, அதிலும் அந்த நாள் சம்பளத்திற்கு முன்னால் விழுந்தால் இன்னும் மலிவு. அப்போது எல்லாம் 555 புத்தகத்தில் கடன் கணக்குதான். சட்டைப் பையில் அடங்கும் அந்தச் சின்னப் புத்தகத்தில் வீட்டு எண்ணையும் கட்டியையும் எழுதிக்கொள்வேன். (ஒரு கட்டி என்பது ஏறத்தாழ 600 கிராம், கிலோ வந்து எவ்வளவோ ஆண்டுகள் கழிந்தும் லயத்துப் பாட்டிமார்கள் 'அரைக் கட்டி போடு தம்பி' என்றுதான் கேட்டார்கள்.) சம்பளம் போட்ட சனிக்கிழமை ஆயர் மாத்தியில் விழுந்துவிட்டால் கையில் காசு இருக்கும், பெட்டியில் மீன் இருக்காது, அன்று விலை ஏறுவதை யாராலும் தடுக்க முடியாது. சீனப் புத்தாண்டில் படகுகள் சில நாள் கடலுக்குப் போகாமல் கட்டிக் கிடக்கும். அது அமாவாசையை ஒட்டிய பெரிய நீர்க் காலமாக இருந்தும் அப்போது மீன் இருக்காது. ஏப்ரலிலிருந்து நவம்பர் வரை, விடியலுக்கு முன் நீரிணையின் மேல் திடீரென்று அடிக்கும் 'சுமாத்ரா' புயற்காற்றும் ஓரிரு நாள் வரத்தைக் கெடுத்துவிடும். இவை எதுவும் ஆயர் மாத்தி அல்ல. ஆனால் அவசரத்தில் எல்லாமே அந்தப் பெயரில் போய்விடுகின்றன.

நீங்கள் கேட்ட நண்டு பற்றி ஒரு வார்த்தை. 'பௌர்ணமி நண்டு சப்பை, அமாவாசை நண்டுக்குத்தான் சதை' என்று உங்கள் பக்கத்து வீட்டு அம்மா சொன்னதாக எழுதியிருந்தீர்கள். ஓடு கழற்றிய நண்டில் சதை குறைந்து தண்ணீர் நிறைந்திருக்கும் என்பது உறுதி. அது பௌர்ணமியோடு சேர்ந்தே நடக்கிறது என்பதை என் மேசையில் நான் உறுதியாகக் கண்டதில்லை. சதை நிறைந்த பௌர்ணமி நண்டையும் விற்றிருக்கிறேன், சப்பையான அமாவாசை நண்டுக்குத் திட்டும் வாங்கியிருக்கிறேன். திதியை நம்பாதீர்கள். நண்டைத் திருப்பி, வயிற்றுப் பக்கத்து ஓட்டையும் பெரிய காலின் முதற்கணுவையும் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்ளே வாங்கினால் வேண்டாம்; கல்போல நின்று, அளவுக்கு மீறிய கனமும் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய நீர் நாட்களில் இன்னும் சில காட்சிகள் இந்தக் கரையில் உண்டு. புதிதாக வந்தவர் என்பதால் சொல்கிறேன். இங்கே அந்த நாட்களில் நீர் காலையும் மாலையும் ஏறி நின்று, நண்பகலை ஒட்டி வற்றும். கடலுக்கு நடுவே ஒரு மணல்திட்டு சில மணி நேரம் தலைகாட்டும். மேலே மெல்லிய நீர்ப்படலம் நிற்பதால் வானம் அதில் அப்படியே தெரியும். சாசாரானிலிருந்தும் ஜெராமிலிருந்தும் 'ஸ்கை மிரர்' என்று படகில் அழைத்துப் போவது அங்கேதான். மாதம் முழுவதும் போகாமல் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய சில நாட்கள் மட்டும் போவதற்குக் காரணம், உங்கள் மீன்காரர் சொல்லும் அதே நீர்தான். மாலை ஏற்றத்தோடு பெருமழையும் சேர்ந்துகொண்டால் மதகைத் திறக்க வழியில்லாமல் தோட்டத்தில் நீர் தேங்கும். மார்ச், செப்டம்பரை ஒட்டி வரும் நீர் ஆண்டின் மற்ற மாதங்களைவிடப் பெரியது என்பதால் அப்போது கரையோரம் வீடு பார்க்கிறவர்கள் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். 'பெலாங்காஸ்' என்னும் குதிரைலாட நண்டும் கரையேறி முட்டையிட இந்த நீரையே தேர்ந்தெடுக்கிறது. ஆணும் பெண்ணும் ஒட்டிக்கொண்டே வருவதைப் பார்த்துத்தான், பிரியாத இணையை மலாயில் 'பெலாங்காஸ் போல' என்கிறார்கள். பார்த்து மகிழுங்கள், சமைக்க வேண்டாம். சதுப்பில் வாழும் ஒரு வகையின் முட்டையிலும் சதையிலும் பேத்தை மீனில் உள்ள அதே நஞ்சு இருப்பதுண்டு. கொதிக்க வைத்தாலும் அது போகாது, அதைத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. அந்த வகையும் நஞ்சில்லாத வகையும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும் என்பதால் நான் ஒருநாளும் அதை விற்றதில்லை.

ஆயர் மாத்தி வாரத்தில் என்ன வாங்குவது என்றும் கேட்டிருந்தீர்கள். குளத்தில் வளர்த்த சியாக்காப் (கொடுவா) எல்லா நாளும் கிடைக்கும். தூண்டில் மீன் வந்திருக்கிறதா என்று கேளுங்கள். களவாத் துண்டு அந்த நாட்களில்தான் நன்றாக இருக்கும். எங்கள் வீட்டில் அம்மா அந்த வாரத்தைக் கெலாமாக் கருவாட்டுக்கு ஒதுக்கிவைத்திருந்தார். கெலாமா என்பது நம் கத்தாளை. பெரிய நீரில் மலிவாகக் கிடைத்ததை உப்பிட்டு, லயத்துக் கூரைத் தகரத்தில் காயவைத்து, கத்திரிக்காயும் மாங்காயும் போட்டுக் குழம்பு வைப்பார். அந்த மீனின் தலையை உடைத்தால் காதுக்கருகில் வெள்ளைக் கல் இரண்டு இருக்கும். நாங்கள் பிள்ளைகள் அவற்றைக் கழுவித் தீப்பெட்டியில் சேர்த்து வைத்திருந்தோம். உங்கள் பிள்ளைகளுக்கும் காட்டுங்கள்.

அடுத்த முறை உங்கள் மீன்காரர் ஆயர் மாத்தி என்றால் சண்டை போடாதீர்கள். 'அண்ணே, இன்னைக்குத் தண்ணி எத்தனை மணிக்கு ஏறிச்சு?' என்று மட்டும் கேளுங்கள். துறைக்குத் தானே போய் மீன் எடுக்கிறவராக இருந்தால் அரை மணி முன்பின்னாகவாவது நேரத்தைச் சொல்லிவிடுவார். நவமி தசமியில் அந்த நேரம் நண்பகலை ஒட்டியோ நள்ளிரவை ஒட்டியோ இருக்கும். அப்படிச் சொல்கிறவரிடமே தொடர்ந்து வாங்குங்கள், அமாவாசை கழிந்த மறுநாள் காலையில் சற்று முன்னதாகப் போய் நில்லுங்கள்.